நெல்டா ஹக்கபியின் இடது கால்

எங்கள் ஸ்வோபோடா ஊர்ச் சங்க மண்டபத்தில் ஜோடி இல்லாத பெண்ணுக்கென்று ஓர் இடம் உண்டு. சுவரோர பெஞ்சு. சங்கத்தின் விதிப் புத்தகத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. எழுதி வைத்த விதிகளை நாங்கள் அவ்வப்போது மறந்துபோவோம். எழுதாத விதிகளை ஒரு நாளும் மறந்ததில்லை.

நெல்டா ஹக்கபி 1989-இல் அந்த பெஞ்சுக்கு வந்து சேர்ந்தாள். அவள் கணவன் ராய்ஸ் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு அலாஸ்கா போனான். அங்கே குளிர் ஜாஸ்தி என்று முதல் கடிதத்தில் எழுதினான். இரண்டாவது கடிதத்தில், குளிருக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டதாக எழுதினான். மூன்றாவது கடிதம் வக்கீலிடமிருந்து வந்தது. நெல்டாவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். டெக்ஸஸில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் எழுத்துப் படித்ததே அவளுடைய பேருந்தின் பின்கண்ணாடியில் விரலால் கிறுக்கித்தான்.

மண்டபத்துத் தரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சண்டை புரியாது. 1911-இல் போட்ட பைன் பலகை. டூ-ஸ்டெப், வால்ட்ஸ், போல்கா எதுவானாலும் ஜோடிகள் ஓரமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றுவார்கள். எண்பது வருஷம் அப்படிச் சுற்றியதில் பலகை தேய்ந்து, வெளிறிய வளையம் ஒன்று விழுந்துவிட்டது. நடுவில் உள்ள பலகையோ நேற்றுப் போட்டதுபோல் பழுப்பாக இருக்கும். வளையம் ஜோடிகளின் சொத்து. நடுப்பலகையை யாரும் கேட்டதில்லை.

நெல்டா கேட்டாள்.

நூறு மைல் தள்ளி, நகரத்தில் ஒரு கிளப்பில் அப்போது புதிதாக லைன் டான்ஸ் ஆடத் தொடங்கியிருந்தார்கள். ஜோடி வேண்டாம். எல்லோரும் வரிசையாக நின்று ஒரே அடியைப் போடுவார்கள். அடிகள் ஒரு முறை முடிந்ததும் கால்வட்டம் திரும்பி அடுத்த சுவரைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து. நான்கு சுவரும் முடிந்தால் ஒரு சுற்று. நெல்டா சனிக்கிழமை தோறும் அங்கே போனாள். இரண்டு பாட்டு ஆடுவாள், வெளியே ஓடி வந்து காருக்குள் உட்கார்ந்து, மறப்பதற்குள் அடிகளை எழுதுவாள், மறுபடி உள்ளே ஓடுவாள். கதவருகே நின்ற காவலாள் அவளைப் போதைப்பொருள் விற்கிறவள் என்று சந்தேகப்பட்டு ஒருநாள் கைப்பையைச் சோதித்தான். உள்ளே பேருந்துப் பயணக் குறிப்புத் தாள்கள், அவற்றின் முதுகில் “வலது, பின்னால், வலது, தட்டு.” இது சங்கேத மொழி என்று அவன் மேலாளரைக் கூப்பிட்டதாகக் கேள்வி.

செவ்வாய்க்கிழமை வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. முதல் வாரம் மூன்று பேர்: இரண்டு விதவைகள், பள்ளிச் சமையற்கட்டு வில்மா ரே. அந்த மூன்றாமவளுக்குக் கணவன் உண்டு, ஆனால் அவன் சோபாவை விட்டு எழுந்ததைப் பார்த்தவர் இல்லை. ஒரு வருஷத்தில் இருபத்து நான்கு பேர். பெஞ்சு காலியாயிற்று.

வகுப்பெடுப்பவள் எல்லோரையும் பார்த்தபடி நிற்பாள். அவள் “வலது” என்றதும் அவர்கள் வலது காலை வைப்பார்கள். அவளோ கண்ணாடியில் தெரியும் உருவம்போல இடது காலை வைப்பாள். அப்போதுதான் பார்த்துப் பழகுகிறவர்களுக்குக் குழப்பம் வராது. பத்தொன்பது வருஷம் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்தே பேருந்து ஓட்டியவளுக்கு இது கஷ்டமில்லை. வாய் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று வெகு சுலபமாகப் பழகிவிட்டது. வெகு சுலபமாக என்பதில்தான் வில்லங்கம் இருந்தது.

பிறர் இயற்றிய ஆட்டங்களைச் சொல்லிக் கொடுப்பவள் ஆசிரியை மட்டுமே. தானே இயற்றினால்தான் கௌரவம். நெல்டா இயற்றினாள், அதுவும் ரயில்வே கேட்டில். பள்ளிப் பேருந்து ஒவ்வொரு ரயில் பாதையிலும் நின்று, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு நாளைக்கு எட்டு முறை. அந்த எட்டு முறையில் ஆட்டம் பிறந்தது: வலது காலால் ஓங்கி ஒரு மிதி, அது நிற்பது. குதிகாலைத் திருப்பி இரு பக்கமும் பார்ப்பது. பிறகு பக்கவாட்டில் மூன்று அடி கடந்து ஒரு தட்டு. அதேபோல் திரும்பி வருவது. கடைசியில் கால்வட்டத் திருப்பம். ‘கேட்டில் நில்’ என்று பேர் வைத்தாள். செவ்வாய்க் கூட்டம் அதை ஒரே மாதத்தில் உடம்பில் ஏற்றிக்கொண்டது.

1993 வசந்தத்தில் தகராறு வந்தது. நடுவில் ஆடுகிறவர்கள் பெருகி வளையத்துக்குள் வழியத் தொடங்கினார்கள். சங்கத் தலைவர் ஆல்ஃபோன்ஸ் கோவார், எழுபத்து நான்கு வயது, மனைவியோடு ஐம்பது வருஷமாக அந்த வளையத்தில் சுற்றுகிறவர், ஒரு போல்காவின் நடுவே மூன்று பெண்கள்மேல் முட்டி நின்றார். அடுத்த சங்கக் கூட்டத்தில் நெல்டாவை வரச் சொன்னார்கள்.

“நெல்டா, நீ நல்ல பொண்ணு. என் பேரப் பசங்களையெல்லாம் நீதான் ஏத்தி இறக்கற” என்றார் கோவார். “ஆனா இது டான்ஸ் மண்டபம். மாட்டுச் சந்தை இல்ல, வரிசையா நிறுத்தி வைக்க.”

“மாடு இவ்ளோ ஒழுங்கா நிக்காது ஐயா.”

“வாய் மட்டும் குறைச்சல் இல்ல.”

முடிவு இப்படி ஆயிற்று: அக்டோபர் ஞாயிறு, மண்டபத்து ஆண்டுவிழா. மதியம் மூன்று மணிக்கு நெல்டாவுக்கு ஒரே ஒரு பாட்டு. அவள் ஆட்கள் நடுவில். அதே நேரம் ஜோடிகள் வளையத்தில். நாற்பது பேராவது ஆட வேண்டும், இல்லையேல் இது நாலு பேர் பொழுதுபோக்கு. ஒரு கால் வளையத்தை மிதித்தாலும் செவ்வாய் வகுப்பு அன்றோடு சரி. கோவார் இதை ஊர் முன்னால் அறிவித்தார். எங்கள் ஊரில் ஊர் முன்னால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கியவர் ஒருவர் இருந்தார். அவர் பிறகு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார்.

இருபத்து நான்கு பேர்தான் கையில். மீதிக்கு நெல்டா முப்பது மைல் தள்ளியிருக்கும் டிரை வில்லோவுக்கு எழுதினாள். அங்கே ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவர் டாயில் டாக்கட் பதினெட்டுப் பேரைச் சேர்த்து ஆட்டம் பழக்குவதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அடிகளை எழுதி அனுப்புங்கள், ஆறு வாரத்தில் தயார் என்று பதில் வந்தது. நெல்டா சமையலறையில் எழுந்து நின்றாள். முதன்முதலாகத் தன் ஆட்டம் தாளில் ஏறப்போகிறது. ஒவ்வோர் அடியாக ஆடி, குனிந்து தன் காலைப் பார்த்து, பார்த்ததை அப்படியே எழுதினாள். மேலே கொட்டை எழுத்தில்: ‘இயற்றியவர் நெல்டா ஹக்கபி.’ இருபது பிரதி எடுத்து அனுப்பினாள்.

விழா ஞாயிறு. புகையில் வெந்த மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சி ரொட்டிகள், பீர் பீப்பாய்கள். மதியம் இரண்டு இருபதுக்கு நெல்டா டிரை வில்லோக்காரர்களை வரவேற்கப் போனாள். அவர்கள் ஓக் மர நிழலில், பிக்கப் வண்டிகளுக்கு நடுவே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாயில் எண்ணிக் கொடுக்க, பதினெட்டு பூட்ஸும் ஒன்றாக மண்ணை மிதித்தன.

இடது பூட்ஸ்.

நெல்டா அங்கேயே நின்றுவிட்டாள். அவர்கள் இடப்பக்கம் கடந்தார்கள். இடப்பக்கம் திரும்பினார்கள். நேர்த்தியாகத் திரும்பினார்கள், அதுதான் கொடுமை.

“வாங்க மிஸ் நெல்டா! எப்படி இருக்கு நம்ம படை?” என்றார் டாயில். தீயணைப்புச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

“நல்லா இருக்கு. அந்தத் தாள் வச்சிருக்கீங்களா?”

மடித்து மடித்து நைந்த தாளை நீட்டினார். ‘இடது கால் ஓங்கி மிதி.’ அவள் கையெழுத்து. ஒரு வருஷமாக வாய் வலது என்று சொல்ல இடது காலைப் போட்டே பழகியவள், அன்று சமையலறையில் வாயை மூடிக்கொண்டு காலை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறாள்.

வில்மா ரேயை இழுத்துக்கொண்டு உணவு மேசைக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னாள்.

“அடியே” என்றாள் வில்மா ரே. வாயில் பாதிக் கொலாச்சி. “அப்ப நாம வலப்பக்கம் போறோம், அவங்க இடப்பக்கம் வராங்க. நடுவுல பல்லு கொட்டும்.”

“தெரியுது.”

“அவங்களைத் திருப்பிப் போடச் சொல்லு.”

போய்ச் சொல்லிப் பார்த்தாள், புதிதாக ஒரு மாற்றம் என்று. முன்வரிசைப் பெண்கள் இருவர் வலது காலில் முயன்றார்கள். ஒருத்தி நாலாவது அடியில் வண்டியின் பம்பரைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வாரம் உடம்பில் ஏறியதை அரை மணியில் இறக்க முடியாது. தப்பு எங்கிருந்து வந்தது என்று நெல்டா டாயிலிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தாள், அவர் இஸ்திரிச் சட்டையைப் பார்த்தாள், “சரி, விடுங்க, பழையபடியே ஆடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

மணி இரண்டு முப்பத்தைந்து. மேசைக்குத் திரும்பி உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் எதிரெதிரே வைத்தாள்.

“என்ன பண்ற?”

“இது நாம. இது அவங்க. எதிரெதிரா நின்னா நம்ம வலதும் அவங்க இடதும் ஒரே பக்கம்தானே?”

குப்பிகள் ஒன்றாக நகர்ந்தன. வில்மா ரே மெல்லுவதை நிறுத்தினாள். நெல்டா குப்பிகளைத் திருப்பினாள். இரண்டும் இப்போது மண்டபத்து மேடையைப் பார்த்தன. உப்பு வலப்பக்கம் போனது, மிளகு இடப்பக்கம் போனது. இரண்டும் விலகி மேசையின் இரு விளிம்புக்கும் வந்தன.

“இந்த இடத்துல வளையத்தை மிதிச்சிருவோம்” என்றாள் வில்மா ரே.

“நடுவுல நெருங்கி நிக்கலாம்.”

அப்புறம் முதுகோடு முதுகு, தொல்லையில்லை. பிறகு வாசலைப் பார்த்துத் திருப்பினாள். குப்பிகள் ஒன்றையொன்று நோக்கி வந்து, டங்கென்று மோதின. உப்பு கொட்டியது.

நெருங்கி நின்றால் வாசலைப் பார்க்கும்போது மோதல். தள்ளி நின்றால் மேடையைப் பார்க்கும்போது வளையத்தில் கால். நடுவில் விடக்கூடிய இடைவெளி சரியாக ஆறடி. அதுவும் ஒவ்வொருவரும் அடியைப் பாதியாகச் சுருக்கினால். நெல்டா இரண்டு கூட்டத்திடமும் ஓடினாள். “சின்ன அடி. ஒரு சாண். அதுக்கு மேல வேண்டாம். எதிரெதிரா நிக்கறோம், பாக்க அழகா இருக்கும்.”

“ஒரு சாணா?” என்றார் டிரை வில்லோவின் லெஸ்டர், தீவனக் கடைக்காரர், ஆறடி நாலங்குலம். “என் பூட்ஸே ரெண்டு சாண் மிஸ் நெல்டா.”

எல்லோரும் சிரித்தார்கள். நெல்டா சிரிக்கவில்லை.

மூன்று மணிக்கு ஃபிடில் தொடங்கியது. வளையத்தில் பதினைந்து ஜோடிகள். முதல் ஜோடி கோவாரும் மனைவி அல்பீனாவும். நடுவில் எதிரெதிரே இருபத்து நான்கும் பதினெட்டும். நெல்டா மேடைப் படியில் நின்று கைவிரல்களால் எண்ணிக் காட்டினாள்.

மிதி. நாற்பத்திரண்டு கால்கள். பலகை அதிர்ந்து பீர் மேசைக் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. இரு வரிசையும் ஒரே பக்கம் மிதந்து, திரும்பி வந்தன. சுவரோரம் நின்ற ஊர் “ஓ” என்றது. இப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை, இயற்றியவள் உட்பட.

மேடைப் பக்கத் திருப்பம். வரிசைகள் விலகின. நெல்டாவுக்கு ஒருவர் முகமும் தெரியவில்லை; கடைசி வரிசைப் பூட்ஸ் முனைகளும், வெளிறிய பலகையின் விளிம்பும்தான். நான்கு விரல் மிச்சம். திரும்பி வந்துவிட்டார்கள். முதுகோடு முதுகு. அடுத்து வாசல் பக்கம். வரிசைகள் ஒன்றையொன்று நோக்கி வந்தன. வில்மா ரேயின் தோளும் ஒரு டிரை வில்லோப் பெண்ணின் தோளும் உரசின. “மன்னிச்சுக்க கண்ணு” என்றாள் வில்மா ரே, அடி தவறாமல். கைதட்டல்.

ஒரு சுற்று முடிந்தது. இன்னொன்று பாக்கி.

கைதட்டலைக் கேட்டால் ஃபிடில்காரனுக்குக் கை நிற்காது. வேகம் கூட்டினான். நெல்டா திரும்பிக் கையசைத்தாள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் கூட்டினான். மறுபடி மேடைப் பக்கத் திருப்பம். எங்கள் வரிசை விலகியது. பல்லைக் கடித்துக்கொண்டு சாண் சாணாக. எதிர் வரிசையில் லெஸ்டர் இப்போது மகிழ்ச்சியில் இருந்தார். மகிழ்ச்சியான மனிதன் அளந்து அடி வைப்பதில்லை. ஒன்று. இரண்டு. மூன்றாவது அடி வெளிறிய பலகையின் நட்டநடுவில் விழுந்தது. கோவார் அல்பீனாவை ஒரு சுழற்றுச் சுழற்றி, மயிரிழையில் விலகிப் போனார். போகும்போது குனிந்து அந்தப் பூட்ஸைப் பார்த்தார்.

பாட்டு முடிந்தது. மண்டபம் கூரை பறக்கக் கத்தியது. நெல்டா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பீர் மேசைக்குப் பக்கத்தில் சங்கத்தார் ஐந்து பேரும் கூடினார்கள். நெல்டாவையும் டாயிலையும் கூப்பிட்டார்கள். ஊர் மூன்றடி தள்ளி நின்று, கேட்காததுபோல் கேட்டது.

“பாத்தேன்” என்றார் கோவார். தொண்டையைச் செருமினார். அவருக்கு ஆட்டம் பிடித்துப்போயிற்று என்பது அவர் காதின் சிவப்பிலிருந்தே தெரிந்தது. “நம்ம ஊர்க்காரங்க ஒருத்தரும் வளையத்தைத் தொடல. தொட்டது வெளியூர்க் காலு. அதனால நாங்க என்ன சொல்றோம்னா, செவ்வாய்க்கிழமை நெல்டாவுக்கு. டிரை வில்லோக்காரங்க இனிமே இந்த மண்டபத்துல ஆட வேண்டாம். அவங்களுக்குக் கத்துக்கொடுத்தவர் சரியில்ல.”

எங்கள் ஊருக்கு இது மிக நியாயமான தீர்ப்பு. தப்பு முப்பது மைல் தள்ளிப் போய்விட்டது, யாருக்கும் வலிக்கவில்லை. வில்மா ரே நெல்டாவின் முதுகில் ஒரு குத்துக் குத்தினாள்.

டாயில் தொப்பியைக் கழற்றினார். “ஐயா சொல்றது சரிதான். நான்தான் சரியாப் பழக்கல. மிஸ் நெல்டா ஆடறதுக்கு முன்னாடியே மாத்திப் போடச் சொன்னாங்க. எனக்குப் புரியல. அவங்க மேல குத்தம் வச்சிராதீங்க.”

கோவார் நெல்டாவிடம் கை குலுக்க நீட்டினார். அதை வாங்கினால் செவ்வாய் அவளுடையது.

“அவரு ஒழுங்காத்தான் பழக்கினாரு” என்றாள் நெல்டா. “தாள்ல என்ன இருந்துச்சோ அதை. தாளை நான் தப்பா எழுதினேன். வலதுக்கெல்லாம் இடதுன்னு எழுதி அனுப்பிட்டேன். ஆடறதுக்கு முன்னாடியே தெரியும். மறைக்கத்தான் எதிரெதிரா நிறுத்தினேன்.”

கோவாரின் கை அந்தரத்தில் நின்றது. “நெல்டா, இப்ப எதுக்கு இதைச் சொல்ற?”

“நீங்க அவரைச் சொன்னீங்க.”

“நான் ஊர் முன்னாடி ஒரு பேச்சுப் பேசியிருக்கேன்.”

“ஆமா ஐயா.”

“தப்பு உன்னோடதுன்னா, அந்தக் காலும் உன் கணக்குதான்.”

“ஆமா ஐயா.”

அவர் மற்ற நால்வரையும் பார்த்தார். நால்வரும் தங்கள் பீரைப் பார்த்தார்கள். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் அவர் சந்தோஷமாகத் தன் சொல்லிலிருந்து நழுவியிருப்பார் என்று நினைக்கிறேன். “அப்ப செவ்வாய்க்கிழமை கிடையாது” என்றார் கோவார், அப்பளம் நொறுங்கியதுபோல ஒரு குரலில். நீட்டிய கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?” என்று வில்மா ரே வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். “வருஷம் பூரா வாயை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் வச்சுப் பொழச்சவதானே நீ! இன்னைக்கு மட்டும் ரெண்டும் ஒண்ணாப் போகணுமாக்கும்?”

டாயில் தன் வண்டிக் கதவைத் திறந்து வைத்து நின்றிருந்தார். அவருடைய பதினெட்டுப் பேரும் வண்டிகளில் ஏறி உட்கார்ந்து, ஏதோ ஈமச்சடங்குக்கு வந்தவர்கள்போல் அமைதியாக இருந்தார்கள்.

“ஆறு வாரம்” என்றார். “தீயணைக்கற எஞ்சினை வெளிய நிறுத்திட்டு அந்தக் கொட்டகைல ஆறு வாரம் இடது காலை மிதிச்சோம். லெஸ்டர் வீட்டுக்காரி அவர் தூக்கத்துலயும் உதைக்கறாருன்னு சொல்றா.”

“தெரியும். மன்னிச்சிருங்க. ஆடறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருக்கணும்தான்.” தாளை எடுத்து வண்டியின் முன்மூடிமேல் விரித்தார். “இப்பச் சொல்லுங்க. எது சரி? வலதா, இடதா? திங்கக்கிழமை இவங்க கேப்பாங்க.”

நெல்டா தாளைப் பார்த்தாள். மேலே கொட்டை எழுத்தில் அவள் பெயர். உள்ளே மண்டபத்தில் ஜோடிகள் அடுத்த வால்ட்ஸுக்கு இறங்கியிருந்தார்கள். பூட்ஸ்கள் வளையத்தில் இழுபடும் சத்தம் வெளியே கேட்டது. அவள் ஓட்டுநர் பக்கக் கதவில் சாய்ந்தாள். இயற்றியவளைக் கேட்கிறார்கள், வேறு யாரையும் கேட்க முடியாது.

“இடது” என்றாள்.

“நிஜமாவா?”

“தாள்ல இருக்கறதுதான் ஆட்டம். எங்காளுங்கதான் திருப்பிக் கத்துக்கணும்.”

“அடிப்பாவி!” என்றாள் வில்மா ரே.

“எங்க கத்துக்குவாங்க?” என்று டாயில் கேட்டார். “ஒங்களுக்குத்தான் மண்டபம் இல்லியே.”

“எஞ்சினை வெளிய நிறுத்தினா அந்தக் கொட்டகைல எத்தனை பேர் நிக்கலாம்?”

டாயில் உதட்டைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட்டார். “அறுபது. தீ விபத்து ஏதும் இல்லேன்னா.”

“செவ்வாய்க்கிழமை ஆறு மணி” என்றாள் நெல்டா. வில்மா ரேயின் பக்கம் திரும்பி, “நீ வண்டியில வர்றியா, இல்ல உன் புருஷன் பக்கத்துல சோபால உக்காந்திருக்கியா?”

வில்மா ரே சட்டை முன்புறத்தில் ஒட்டியிருந்த கொலாச்சித் தூளைத் தட்டிவிட்டாள். பிறகு அந்தச் செம்மண் தரையிலேயே, டிரை வில்லோக்காரர்கள் பதினெட்டுப் பேரும் வண்டிகளிலிருந்து பார்க்க, இடது காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். அடுத்த அடியில் தடுமாறி, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.